வலப்பக்கச் சைலன்சர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். என் மகள் கௌதாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மருமகன் இசிக்கோ எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினான். மாமரத்தைத் தாண்டி, கரும்பு லாரிகள் பள்ளமாக்கிவிட்ட பாதையில் வண்டி இறங்கியதும் சைலன்சர் கழன்று தரையில் இழுபட்டது. அதோடு எழுந்த சத்தம் கரும்புக் காடு முழுவதும் கேட்டிருக்கும். மூன்று வீடு தள்ளி வெயிலில் சோளம் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

எது நடக்கக் கூடாது என்று எட்டு நாட்களாகப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டேனோ அது நடந்தது. ஊர் திரும்பிப் பார்த்துவிட்டது.

கௌதா எட்டு நாட்களுக்கு முன் ஒரு துணி மூட்டையோடு தனியாக நடந்து வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் அவன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பிள்ளைகள் தகப்பன் குலத்துக்குச் சொந்தம் என்பதால் தூக்கி வர அவளால் முடியாது. புருஷன் வீட்டை விட்டு வந்த பெண்ணைத் தகப்பனும் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. புருஷன் ஒரு சேவலும் ஒரு குடம் வாழைப்பழ மதுவும் கொண்டு வருவான். எங்கள் குலத்துப் பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். அந்தச் சேவலைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டால் வழக்கு முடிந்தது. பெண் அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.

அன்று காலை சேவல் வந்தது. மதியம் சாப்பிட்டும் ஆயிற்று.

வழக்கு நடந்தபோது கௌதா வாசல் பாயில், தரை தொடும் கோமசி உடுப்பைக் கால்களைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். நால்வரில் மூத்தவர் பலிதாவா, என்ன குறை என்று கேட்டார். அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வண்டியின் சைலன்சர் காலில் சுட்டுவிட்டது, மருத்துவமனைக்கு அழைத்துப் போகவில்லை, அதில் சண்டை வந்தது என்றாள். இசிக்கோ உடனே தலை குனிந்து, அது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டான். கரும்பு எடைபோடும் இடத்தில் வேலை பார்ப்பவன். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவன்.

"வண்டி சுட்டதுக்கு வண்டியத்தானம்மா திட்டணும், புருஷன எதுக்கு விட்டுட்டு வர்ற?" என்றார் பலிதாவா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிய குறை ஒன்றும் வெளியே வரவில்லையே என்ற நிம்மதி எனக்கு.

பலிதாவா ஒன்று மட்டும் கேட்டார். "அத்தக்காரி வரலயா?"

கல்யாணமான பெண்ணிடம் அவள் குடித்தனத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை எங்களிடம் அத்தைக்கு மட்டும்தான் உண்டு. அவள்தான் பெண்ணை அறைக்குள் அழைத்துப் போய்ப் பேசுவாள், உடம்பைப் பார்ப்பாள், வெளியே வந்து ஆண்களிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்வாள். தகப்பன் வளர்ந்த மகளின் காலைப் பார்ப்பதுகூட அழகில்லை. கௌதாவின் அத்தை, என் அக்கா நங்கோபி, சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். நான் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஐந்து வருடமாக நானும் அவளும் பேசுவதில்லை.

"அவளுக்குத் தூரம்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

இப்போது, பள்ளத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்த வண்டி மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. இசிக்கோ சைலன்சரைக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். விடைபெற்றுப் போனவர்கள் திரும்பி முற்றத்துக்குள் வருவது நல்லதில்லை என்று பலிதாவா முணுமுணுத்தார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. மருமகன் மாமனார் வீட்டில் இரவு தங்கக் கூடாது. மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. என் மனைவி முத்தேசி அவன் வந்ததிலிருந்து பின்பக்கச் சமையல் குடிசையை விட்டு வெளியே வரவில்லை. இருட்டுவதற்குள் அவன் போயாக வேண்டும்.

கடைத்தெருவில் வெல்டிங் வைப்பவன் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. திறந்தாலும் காலையிலிருந்து கரண்ட் இல்லை. அந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டு போகலாம் என்றான் இசிக்கோ. நான் விடவில்லை. ஓடி வந்த மகளைப் புருஷன் திரும்பக் கூட்டிப் போகிறான் என்று கடைத்தெரு முழுவதும் தமுக்கடித்துக்கொண்டு போவது போல் ஆகிவிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகட்டும், அவள் பின்னால் நடக்கட்டும் என்றால் அது இன்னும் கேவலம்.

"நகரு. நானே சரி பண்றேன்" என்றேன்.

பஞ்சு ஆலையில் இருபத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். வீட்டில் வைஸ் இருக்கிறது, கை டிரில் இருக்கிறது, அரமும் ஹேக்ஸாவும் இருக்கின்றன. கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினேன். பெரியவர்கள் நால்வரும் குடத்தில் மிச்சமிருந்த மதுவைச் சுற்றி மறுபடி உட்கார்ந்தார்கள். இசிக்கோ கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நின்றான்.

"மாமா கை வச்சா இரும்பே பயப்படும்னு சொல்லுவாங்க" என்றான்.

"பயந்த இரும்பு வளையும். ஒடையாது" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் பெரியவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டான்.

வலது பக்கம் தரையில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தேன். சைலன்சரைப் பின்னால் பிடித்துத் தாங்குகிற இரும்புக் காது, அது வெல்டிங் வைத்த இடத்திலேயே கிழிந்திருந்தது. புது விரிசல் இல்லை. விளிம்பு முழுவதும் பழுப்பேறிக் கிடந்தது. ஓரத்தில் நகத்தின் அகலத்துக்கு மட்டும் வெள்ளை. அந்த நக அகலம்தான் பல வாரமாக முழுப் பாரத்தையும் தாங்கியிருக்கிறது. பின்பக்கம் விட்டுப்போனதால் எடை எல்லாம் எஞ்சின் வாயில் இருந்த இரண்டு நட்டுகளின் மேல் விழுந்து, அங்கே வாஷர் நசுங்கிப் புகை பக்கவாட்டில் அடித்திருந்தது. சத்தம் அங்கிருந்துதான்.

காதை மறுபடி ஒட்ட வைக்க என்னால் முடியாது. காது இல்லாமலே தாங்க வைக்கலாம். ஆலையில் பஞ்சுப் பொதியைக் கட்டுகிற இரும்புப் பட்டை ஒரு சுருள் என்னிடம் இருந்தது. அதை இரட்டையாக மடித்து, சைலன்சர் தடிமனுக்கு ஒரு குழாய்த் துண்டைச் சுற்றி அடித்து வளைத்தேன். இரண்டு முனையையும் சேர்த்து வைஸில் பிடித்துத் துளை போட்டேன். பின்னிருக்கைக்காரர் கால் வைக்கும் கம்பியைப் பிடித்திருந்த போல்ட்டுக்கு நீளமான ஒன்றை மாற்றினால் பட்டையின் முனைகளையும் அதிலேயே கோத்துவிடலாம். அதிர்வு நேராக ஏறாமல் இருக்க நடுவில் டயர் டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி வைத்தேன். முன்பக்கத்துக்கு, பழைய மோட்டாரில் உருவிய செம்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, மெத்தென்று ஆனதும் வளையமாகச் சுற்றி வாஷருக்குப் பதில் உட்கார வைத்தேன்.

கம்பி காய்ச்ச சமையல் குடிசைக்குப் போனபோது முத்தேசி அடுப்புக்கு முன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

"சரியாயிருமா?" என்றாள்.

"சரியாயிரும்."

"சரியாகாமப் போகட்டும்."

எட்டு நாட்களாக அவள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். முதல் நாள் இரவே, கௌதாவின் கால் புண்ணுக்குக் கற்றாழை வைத்துவிட்டு, என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். பெண்ணின் காலைப் பற்றித் தகப்பனிடம் பேசாதே என்று வாயை அடைத்துவிட்டேன். அன்றும் கம்பியை இடுக்கியில் எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

எஞ்சினைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் அடங்கிவிட்டது. முன்னால் இருந்ததைவிட மெதுவாக, தொண்டையைக் கனைப்பது போல ஓடியது. பெரியவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வேலை மிச்சம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் கால் வைக்கும் கம்பி எவ்வளவு இறங்குகிறது, பட்டை எங்காவது இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கௌதாவைக் கூப்பிட்டேன்.

"ஏறி உக்காரும்மா. பாரம் எப்படி விழுதுன்னு பாக்கணும்."

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வலது பக்கம் சைலன்சருக்கு நேராகக் குந்தியிருந்தேன். அவள் எங்கள் பெண்கள் எல்லோரும் உட்காருவது போல, பக்கவாட்டில், இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கம்பி அரை விரல் இறங்கி நின்றது. பட்டை எதிலும் இடிக்கவில்லை. போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கடைசிச் சுற்றை இறுக்கினேன். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். என் முன்னால் அவள் முதுகு இருந்தது. கோமசியின் இடுப்புக்கட்டு முடிச்சு இருந்தது.

இந்தப் பக்கத்தில் கால் இல்லை.

ஸ்பேனர் என் கையிலேயே நின்றுவிட்டது. இந்த ஊரில் எந்த மரியாதையான பெண்ணும் இந்தப் பக்கம் காலைப் போட்டு உட்காருவதில்லை. சைலன்சர் இந்தப் பக்கம் இருப்பதால்தான் அந்தப் பக்கம் போடுகிறார்கள். காலையில் வாசலில் உட்கார்ந்திருந்த, என்னையும் சேர்த்து ஐந்து பெரிய மனிதர்களுக்கும் இது தெரியும். எல்லோருடைய மனைவிகளும் அப்படித்தான் உட்காருகிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டி நிற்கும்போது பட்டிருக்கலாம், இறங்கும்போது சுற்றி வந்து இடித்திருக்கலாம் என்று மனசு ஓடியது. மனசு எவ்வளவு வேகமாக வழி தேடுகிறது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "எந்தக் கால்ல சுட்டுச்சு?"

அவள் முதுகு அசையவில்லை.

"நீங்க கேக்கக் கூடாதுப்பா. அத்ததான் கேக்கணும்."

"அத்த இல்ல. நான் கேக்கறேன். எந்தக் கால்?"

"ரெண்டும்."

பெரியவர்கள் பக்கம் ஏதோ சிரிப்பு எழுந்தது. இசிக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"எத்தனை இடத்துல?"

அவள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். "மழ வருதுப்பா. கெளம்பணும்" என்றாள்.

அந்த நேரத்தில் நான் எழுந்து நின்று, அந்த நால்வர் முன்னிலையில் அவனைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர்கள் என் வார்த்தையை நம்பிச் சேவலைச் சாப்பிட்டவர்கள். அத்தையை ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்வி உடனே வரும். சாப்பிட்ட வழக்கைத் திரும்பக் கிளறிய வீடு என்று என் வீட்டுக்குப் பெயர் வரும். என் தகப்பனாரும் அவர் தகப்பனாரும் இந்த மரத்தடியில் வழக்குத் தீர்த்தவர்கள். அவர்களில் யாரும் சொன்ன சொல்லை மாற்றியதில்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, கையிலிருந்த எண்ணெயை நிதானமாகத் துடைத்தேன்.

பிறகு இசிக்கோவைக் கூப்பிட்டு, இரும்பைக் காட்டிப் பேசினேன். பட்டை தற்காலிகம்தான். ஒருவர் பாரத்தைத் தாங்கும், இரண்டு பேர் ஏறினால் பள்ளத்தில் அறுந்துவிடும். முதலில் வெல்டிங் வைத்துவிட்டு வந்து இவளைக் கூட்டிப் போ என்றேன்.

அவன் குனிந்து பட்டையைப் பார்த்தான். விரலால் தட்டினான். என் முகத்தைப் பார்த்தான்.

"மாமா செஞ்சது ஒருத்தரத்தான் தாங்குமா?"

"ஒருத்தரத்தான்."

"சரி. செவ்வாக்கெழம வரேன்" என்றான். பெரியவர்களை வணங்கிவிட்டு ஏறினான். பள்ளத்தில் வண்டி குதித்துப் போனது. பட்டை அசையவே இல்லை. மாமரத்தைத் தாண்டியதும் சத்தமும் இல்லை.

பெரியவர்கள் போன பிறகு கௌதா மூட்டையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து மண்டியிட்டாள்.

"அது ரெண்டு பேரத் தாங்கும்தானேப்பா?"

நான் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"செவ்வாக்கெழமயும் அது ஒடஞ்சிருக்குமா?" என்றாள். நான் ஸ்பேனரைத் துணியில் சுற்றினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று மனைவிக்கு மட்டும் சொன்னேன். மகளிடம் சொல்லவில்லை. அக்கா வர மாட்டேன் என்றுவிட்டால் தனியாகத் திரும்பி வந்து இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தேன். கூட்டிக்கொண்டு வந்த பிறகு தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். முத்தேசியிடமும் வாயைத் திறக்காதே என்று சொன்னேன்.

அக்காவோடு பேச்சு நின்றது கௌதாவின் கல்யாணப் பேச்சில்தான். பெண் கேட்டு வந்தவர்கள் போன பின் நங்கோபி என்னிடம், அந்தப் பையன் நாயைக் கூப்பிடுகிற விதம் சரியில்லை, பெண்ணைக் கொடுக்காதே என்றாள். குலத்தார் நிறைந்த கூட்டத்தில் நான் திருப்பிச் சொன்னேன், இரண்டு புருஷன்களை விட்டு வந்தவள் மூன்றாவது வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று. அவள் எழுந்து போனாள். கல்யாணத்தில் அத்தை நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தியை நிறுத்தி நடத்தி முடித்தேன்.

நான் போனபோது வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"வாடா, பெரிய மனுஷா. வழி தெரிஞ்சுதா?"

நாற்காலி இருந்தது. நான் உட்காரவில்லை. அவளுக்கு எதிரே பாயில், பெண்கள் உட்காருமிடத்தில், உட்கார்ந்தேன். அதைப் பார்த்ததும் அவள் கடலையைக் கீழே வைத்தாள். எட்டு நாட்களையும் சொன்னேன். சைலன்சர், வலப்பக்கம், இரண்டு கால் எல்லாம் சொன்னேன். மன்னித்துக்கொள் என்ற சொல் மட்டும் கடைசியில் வந்தது, அதுவும் அரைகுறையாக.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"முன்னாடியே கூப்பிட்டிருந்தா அந்தச் சேவல் உசுரோட இருந்திருக்கும்" என்றாள். ஒரு கடலையை எடுத்து உடைத்துக்கொண்டே, "என் ரெண்டாவது புருஷன் சூடான இஸ்திரிப் பெட்டியால தேய்ச்சான். என் முதுகுல. நீங்க யாரும் கேட்டதில்ல" என்றாள். பிறகு கடலைத் தோலை ஊதிவிட்டு எழுந்தாள்.

அப்போதே கிளம்பியிருப்போம். மழை பிடித்துக்கொண்டது. சதுப்பு நிலத்துப் பாதையில் தண்ணீர் ஏறி, சாயங்காலம் வரை வடியவில்லை. அவள் வீட்டிலேயே தங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்தோம். அந்தப் பக்கம் வந்ததும் அவள் கேரியரில் பக்கவாட்டில் ஏறி, காலை இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவள் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். தின்ற சேவலுக்குப் பதில் உயிருள்ள சேவலைத் திருப்பிக் கொடுத்தால் வழக்கு மறுபடி திறக்கும். அது பெண் வீட்டுக்கு இழுக்குதான். கேட்க வேண்டியதை ஒழுங்காகக் கேட்கவில்லை என்று தகப்பன் தன் வாயால் ஒப்புக்கொள்வது அது. என் குலத்தில் அதை யாரும் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை. செய்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பதினோரு மணி. மழை பெய்த மண்ணில், மாமரத்தடி வரை ஒற்றை டயர்த் தடம் வந்து, அங்கே வளைந்து, திரும்பிப் போயிருந்தது. திரும்பிப் போன தடம் ஆழமாக இருந்தது.

முத்தேசி சமையல் குடிசையில், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

காலை எட்டு மணிக்கே வந்திருக்கிறான். வண்டி வந்த சத்தமே கேட்கவில்லை. சத்தம் கேட்டிருந்தால் கௌதாவைப் பின்வழியாகக் கரும்புக் காட்டுக்குள் அனுப்பியிருப்பேன் என்றாள் முத்தேசி. அவளுக்குக் கேட்டது குழந்தை சிரித்த சத்தம்தான். சின்னவனை டேங்கின் மேல் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தான். முற்றத்தில் நின்றுகொண்டு, அம்மாவைக் கூப்பிடு என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"நீ போய் நிறுத்தலயா?" என்றேன்.

"மாப்பிள்ள முத்தத்துல நிக்கறான். நான் எப்படி வெளிய வர்றது?" என்றாள் அவள். "நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

கௌதா பின்பக்கம் வந்து அம்மாவின் முன் மண்டியிட்டு விடைபெற்றிருக்கிறாள். போகாதே, அப்பா அத்தையைக் கூட்டி வரத்தான் போயிருக்கிறார் என்று அப்போதுதான் முத்தேசி சொன்னாள். கௌதா நம்பவில்லை. அப்பா அத்தை வீட்டுப் படியை மிதிக்க மாட்டார் என்றாளாம். குழந்தை மறுபடி கூப்பிட்டது. அவள் எழுந்துவிட்டாள்.

"போகும்போது உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னா."

"என்ன?"

முத்தேசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணு பேரத் தாங்குதுன்னு அப்பாகிட்டச் சொல்லு, அவ்வளவுதான் சொன்னா."

நங்கோபி குடிசை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்துக்குப் போனாள். எங்கள் கோழிக் கூட்டத்தில் இருந்த சிவப்புச் சேவலைத் துரத்தி, இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை பிடித்தாள். மாமரத்துக் கிளையில் நான் ஞாயிற்றுக்கிழமை மாட்டிய கோட்டு அங்கேயே தொங்கி நனைந்திருந்தது. அதன் கீழே உட்கார்ந்து சேவலின் கால்களைக் கட்டினாள்.

பலிதாவாவுக்கும் மற்ற மூவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும், அவர்கள் கூடி நாள் குறித்துத்தான் சேவல் போக வேண்டும், அதுதான் முறை என்றேன்.

"நாலு பேரக் கூட்ட நாலு நாளாகும். அந்த வீட்ல நாலு நாளு எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியும்" என்றாள். "சைக்கிள எடு."

எடுத்தேன். சேவல் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்திக்கொண்டே வந்தது. ஐந்து வருடமாக இந்தப் பாதையில் காணாத நங்கோபி என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சோளம் உலர்த்துகிற பெண்கள் எழுந்து நின்றார்கள். கடைத்தெருவில் டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கட்டிய சேவலோடு பெண்ணின் தகப்பனும் அத்தையும் மருமகன் ஊர்ப் பக்கம் போனால் என்ன அர்த்தம் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும்.

வெல்டிங் கடைக்கு முன்னால் பாதை சேறாக இருந்ததால் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. கடைக்காரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வணக்கம் சொன்னான். என் மருமகன் நேற்று இங்கே வண்டியை நிறுத்தியதாகச் சொன்னான்.

"நான் பாத்தேன் பெரியவரே. அருமையான வேல. ஏழெட்டு வருஷம் தாங்கும். வெல்டிங்கே வேணாம்னு நாந்தான் சொல்லி அனுப்பிச்சேன்." பிறகு சேவலைப் பார்த்தான். பார்க்காதது போல் இருக்க முயன்று, முடியாமல், "எங்க பயணம்?" என்றான்.

டீக்கடையில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பலிதாவாவின் மகனும் இருந்தான்.

"தின்ன சேவலத் திருப்பிக் குடுக்கப் போறோம்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருக்கிறேன் போலும். நங்கோபி என் முதுகில் கையை வைத்தாள். மறுபடி, டீக்கடைக்குக் கேட்கும்படி சொன்னேன். "என் மக விஷயத்த நான் சரியா விசாரிக்கல. அதனால திருப்பிக் குடுக்கப் போறேன்."

வெல்டிங்காரன் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டான். சேற்றைத் தாண்டியதும் நங்கோபி ஏறி உட்கார்ந்தாள். இசிக்கோவின் ஊருக்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருந்தது. வடக்கே மறுபடி இருண்டுகொண்டு வந்தது. பாதையில் எங்களுக்கு முன்னால் அந்த ஒற்றைத் தடம், பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து, எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.